மனைவி புலம்பல், பக்கம் ஒன்பது

நானூறு வருடங்களுக்கு முன் லண்டன் தெருக்களில் விற்ற பாட்டுத்தாள்களைப் பற்றிப் பேசுவதற்கு, யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் ஒருவன் பலேர்மோவுக்கு வரவேண்டும் என்று ஒரு கருத்தரங்குக் குழு தீர்மானித்தது. ஏன் பலேர்மோ என்று நான் கேட்கவில்லை. அடுத்தவர் செலவில் வரும் பயணத்தைத் துருவி ஆராயும் வழக்கம் எங்கள் துறையில் இல்லை.

அழைப்பு வந்து கொஞ்சக் காலத்தில் குணம் அத்தான் பலேர்மோவில் மாரடைப்பால் காலமானார். அவர் என் பெரியம்மாவின் மகள் திலகம் அக்காவின் கணவர். அவருடைய முப்பத்தோராம் நாள் காரியம், கருத்தரங்கு முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. நான் காரியத்துக்காகவே கடல் கடந்து வருகிறேன் என்று உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் எங்கள் சொந்தக்காரர் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். கனடாவிலிருந்து ஒரு சித்தப்பா தொலைபேசியில் நாத் தழுதழுக்க வாழ்த்தினார். நான் மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. நல்ல பெயர் சும்மா வரும்போது ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்?

அக்காவின் வீடு பிரான்காச்சோவில். நகரத்தின் கிழக்கு ஓரம், அரசாங்கம் கட்டிக்கொடுத்த அடுக்குமாடிகள், கீழே தகரம் அடிக்கிற பட்டறைகள். நான்காம் மாடி. மின்தூக்கி உண்டு, ஆனால் அதற்குள் யாரோ சைக்கிளைப் பூட்டி வைத்திருந்தார்கள். படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற என்னை அக்கா ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். "நீ கொன்வெனோவுக்கு வந்தனி எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் வா" என்றாள். கொன்வெனோ என்றால் கருத்தரங்கு. உலகத்தில் உண்மை தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

மகள் நிரோவுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு பல்வைத்தியரிடம் வரவேற்பில் வேலை செய்கிறாள். தமிழைத் தொடங்கி இத்தாலியனில் முடிப்பாள், கையை ஆட்டிச் சிசிலிக்காரர் மாதிரி நடுவில் அலுத்துக்கொள்வாள். அவளுக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. பதின்மூன்று வயதிலிருந்து அவள்தான் அந்த வீட்டின் தபாற்கந்தோர். "அம்மாட்டைச் சொல்லு, கரண்டுக் காசு கட்டக் கடிதம் வந்திருக்கு." "அப்பாட்டைச் சொல்லு, கடிதத்தை மேசையிலை வைச்சிருக்கு." அம்மாவும் அப்பாவும் எதிரெதிரே இருப்பார்கள். ஒன்பது வருடமாக அவர்கள் இருவரும் நேராக ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

காரணம் இங்கிலாந்து. இத்தாலியப் பிரஜாவுரிமை கிடைத்த தமிழர்கள் அந்தக் காலத்தில் பெட்டி கட்டிக்கொண்டு லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தானின் தமையனார் முதலில் போனார். அத்தானும் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அக்கா வரமாட்டேன் என்றாள். லிபெர்த்தா பகுதியில் ஒரு வயதான சின்யோராவைப் பராமரிக்கும் வேலை அவளுக்கு. அந்தக் கிழவியை விட்டுவிட்டு ஓட முடியாது என்றாள். அன்று வாயை மூடியவர் அத்தான். பிறகு இங்கிலாந்தே ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகித் தன் கதவைச் சாத்திவிட்டது. அதற்குப் பிறகாவது கதைத்திருக்கலாம். ஆனால் யார் முதலில் தொடங்குவது என்ற கேள்வி வந்துவிட்டது, அதற்கு எங்கள் குடும்பத்தில் எவருக்கும் பதில் தெரியாது.

வியாழக்கிழமை கருத்தரங்கு தொடங்கியது. பழைய மாளிகை ஒன்றின் மேல்மாடி, கூரை முழுக்கத் தேவதைகள். காலை உணவுக்கு ஐஸ்கிறீமைப் பணிசு ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் ஒரு பிள்ளை காலையில் ஐஸ்கிறீம் கேட்டால் முதுகில்தான் கிடைக்கும். இங்கே பேராசிரியர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள், நானும் இரண்டு தரம் நின்றேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்தப் பாட்டுத்தாள் என்பது ஒற்றைத் தாள். மேலே மரக்கட்டையில் வெட்டிய படம், கீழே கொட்டை எழுத்தில் பாட்டு, எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒரு பழைய மெட்டில் பாடவும் என்று ஒரு குறிப்பு. சந்தையில் ஒருவன் நின்று தொண்டை கிழியப் பாடி விற்பான். கொலை, வெள்ளம், இரண்டு தலைக் கன்றுக்குட்டி, பிடிபட்ட கள்ளக்காதல், எல்லாம் உண்டு. படத்துக்குப் புதுக்கட்டை வெட்ட யாருக்கு நேரம்? அரசிக்குப் போட்ட படத்தையே அடுத்த மாதம் சூனியக்காரிக்கும் போடுவார்கள். எல்லாவற்றிலும் நன்றாக விற்றது தூக்குப்பாட்டு. சாகப்போகிற குற்றவாளியே தன் வாயால் "நான் இப்படிச் செய்தேன், என்னைப் பார்த்துத் திருந்துங்கள்" என்று அழுகிற மாதிரி யாரோ ஒரு கூலிப் புலவன் எழுதியிருப்பான். தூக்கு மரத்தடியில், ஆள் சாகுமுன்பே, தாள் விற்பனைக்கு வந்துவிடும்.

முதல் அமர்வின் தலைப்பு, தெருவில் கூவி விற்போரின் குரல். பேசியவர் ஒரு ஜெர்மன் பெண்மணி. மாளிகைக்குக் கீழே பல்லாரோ சந்தை. அங்கே ஒரு மீன்காரன் தன் வாள்மீனைப் பற்றி நெஞ்சு வெடிக்கிற இராகத்தில் பாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிர்ப்பாட்டாகக் கத்தரிக்காய்க்காரன் ஒருவன். அவர்களின் சத்தத்தில் ஜெர்மன்காரியின் பேச்சுக் கேட்கவில்லை என்று இரண்டு பேர் முறையிட்டார்கள். தலைவர் எழுந்து போய் யன்னல்களை எல்லாம் சாத்தினார். பிறகு நாங்கள் அமைதியாகத் தெருக்குரல்களைப் பற்றி ஆராய்ந்தோம்.

மத்தியானம் ஒரு வெள்ளைக்காரர் யாழ் போன்ற ஒரு கருவியை மடியில் வைத்து, கணவனைக் கொன்றதற்காகத் தீயில் எரிக்கப்பட்ட ஒரு பெண்ணின் பாட்டைப் பாடினார். மெல்லிய, உருக்கமான குரல். முடிந்ததும் எல்லோரும் கைதட்டி இன்னொன்று கேட்டார்கள். அவர் இன்னொருத்தியையும் எரித்தார். அதற்குப் பிறகு சோற்று உருண்டையைப் பொரித்துக் கொடுத்தார்கள். இவ்வூரில் அதற்கு அரஞ்சீனா என்று பெயர், கையளவு பெரியது, உள்ளே இறைச்சி. நல்ல ருசி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மாலை வேலை முடிந்து வந்த நிரோ என்னைப் பாவலரிடம் அழைத்துப் போனாள். பாவலர் சின்னராசாவின் கடை அதே சந்தையின் பக்கத்துச் சந்து. கைத்தொலைபேசி மீள்நிரப்பு, கடவுச்சீட்டுப் படம், மீன் ரோல்ஸ், கலியாண அழைப்பிதழ், கல்வெட்டு. இந்தக் கடைசிச் சரக்குத்தான் அவருடைய பெருமை. கல்வெட்டு என்றால் எங்கள் ஊரில் பாறையில் வெட்டுவதல்ல. ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம். தேவாரம், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, பிறகு புலம்பல்கள்: சகோதரர் புலம்பல், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல். எல்லாம் பாட்டு. எல்லாம் அவரவரே தம் வாயால் அழுகிற மாதிரி ஒரு புலவர் எழுதுவது. காரிய வீட்டில் குரல் உள்ள ஒருவர் அதை இராகத்தோடு படிக்க, சனம் தங்கள் பிரதியைப் பார்த்துக்கொண்டு பின்தொடரும்.

இப்போது புரிந்திருக்கும், எனக்கு ஏன் அந்தக் கடையில் மயிர்க்கூச்செறிந்தது என்று. பாவலரின் கணினியில் வரிசையாகக் கோப்புகள் இருந்தன. மனைவி ஒன்று, மனைவி இரண்டு, மனைவி மூன்று. "மூண்டு, கொஞ்சம் வசதியான ஆக்களுக்கு" என்று விளக்கினார். பெயரை மாற்றினால் போதும். அட்டைக்கு ஒரே குத்துவிளக்கு, ஒரே அன்னம், ஒரே அஸ்தமன சூரியன். அத்தானின் கல்வெட்டில் மனைவி இரண்டைப் போட்டிருந்தார்.

*தேனூறும் சொல்லாலே தினமும் எனை மகிழ்வித்தீர்,
வானேறிப் போனீரோ, வாடுகிறேன் தனிமரமாய்.
அல்லும் பகலும் அருகிருந்து கதைபேசிச்
சொல்லும் மொழியெல்லாம் சுவைத்தேனே என்துரையே.*

அதற்குக் கீழே பேரப்பிள்ளைகள் ஐவரும் தாத்தாவைத் தேடி அழுதார்கள். நிரோவுக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை. போனமாதம் செத்த ஒருவரின் பேரப்பிள்ளைகள் அப்படியே தங்கிவிட்டார்கள் என்று பாவலர் நெற்றியைச் சொறிந்து, அந்த இடத்திலேயே ஐந்து பேரையும் அழித்தார். நான் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. என்னுடைய கூலிப் புலவன் உயிரோடு, மீன் ரோல்ஸ் மணத்தோடு, முன்னால் உட்கார்ந்திருந்தான். குறிப்பேட்டில் நான்கு பக்கம் எழுதினேன். அந்த வரிகளின் கீழே என் அக்காவின் பெயர் இருந்தது எனக்கு உறைக்கவில்லை.

அக்காவுக்கு உறைத்தது. நாங்கள் கொண்டுவந்த பிரதியை மேசையில் வைத்து, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். வாசித்து முடித்துப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தாள். "ஊரிலை இருக்கிற எல்லாருக்கும் தெரியும், அவர் என்னோட கதைக்கேல்லை எண்டு" என்றாள். "இதைப் பாடேக்கை அவ்வளவு சனமும் என்ர முகத்தைத்தான் பாக்கும். நான் தேன் குடிச்ச மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு இருக்கவேணுமே?"

மனைவி புலம்பலையே விட்டுவிடலாம் என்றாள். உடனே லண்டனில் இருந்த தமையனாருக்குச் செய்தி போய், அவர் தொலைபேசியில் வந்தார். மனைவி அழாத கல்வெட்டு எங்கேயாவது உண்டா, தம்பி அநாதையா, சனம் என்ன நினைக்கும் என்று அவர் கேட்டது அடுத்த அறையிலிருந்த எனக்கும் தெளிவாகக் கேட்டது. அக்கா தொலைபேசியை நிரோவிடம் கொடுத்தாள். தபாற்கந்தோருக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை என்று நினைத்தேன்.

எனவே நான் முன்வந்தேன். மனைவி புலம்பலை நானே எழுதித் தருகிறேன் என்று இருவருக்கும் சொன்னேன். படித்தவன் எழுதினால் பரவாயில்லை என்று தமையனார் சம்மதித்தார். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை என் கட்டுரை. எட்டரைக்கு ஏறிய பஸ் ஒரு சந்தியில் நின்றுவிட்டது. குறுக்கே ஒரு சின்னக் கார், சொந்தக்காரனைக் காணவில்லை. சாரதி ஹோர்ன் அடித்தார். பின்னால் நின்ற லொறி அடித்தது. பஸ்ஸுக்குள் இருந்த ஒரு கிழவர் இறங்கிப் போய், அந்தக் காரின் ஹோர்னையே யன்னலுக்குள்ளால் கைவிட்டு அடித்தார். கால் மணித்தியாலம் கழித்து ஒருவன் கோப்பிக் கடையிலிருந்து சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே வந்தான். என்னோடு வந்த நிரோ மொழிபெயர்த்தாள்: "அவர் சொல்லுறார், அஞ்சு நிமிசம், ஒரு மனிசனை நிம்மதியாக் கோப்பி குடிக்க விடமாட்டியளோ எண்டு." பஸ் முழுக்க அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. கோப்பி ஆறினால் பாவம்தானே என்று ஒரு அம்மா சாரதியைக் கண்டித்தார். யாழ்ப்பாணத்தில் என்றால் அடிதடியாகியிருக்கும். இங்கே நியாயம் கோப்பியோடு போகிறது.

வியர்வையோடு ஓடிப்போய் மேடையேறினேன். என் கட்டுரை அந்த எரிக்கப்பட்ட மனைவிகளைப் பற்றியது. அவர்களின் பாட்டுகள் எல்லாம் "நான்" என்று தொடங்குகின்றன. எழுதியவன் அவர்களைக் கண்டதே இல்லை. சிறைக்குப் போனதில்லை, ஒரு கேள்வி கேட்டதில்லை. முன்பு எரிந்த ஒருத்தியின் பாட்டில் பெயரை மாற்றியிருக்கிறான், அவ்வளவுதான். நான் குரலைத் தாழ்த்தி, கடைசி வரியைச் சொன்னேன்: அவளிடம் யாரும் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது, என் பேச்சின் அழகில். பிறகு ஒருவர் எழுந்து, இந்தப் பாட்டுகளில் எட்டுச் சீர் வருமா ஏழு வருமா என்று கேட்டார், மீதி நேரம் அதில் போய்விட்டது.

அந்த உற்சாகம் வடியுமுன் வீட்டுக்கு வந்து, மாடத்தில் காய்ந்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அக்காவின் புலம்பலை ஒரே மூச்சில் எழுதினேன். பாவலரின் எதுகை மோனைக் குப்பை எல்லாம் கிடையாது. நவீன கவிதை. "உன் மௌனம் என் தாய்மொழியாயிற்று" என்று தொடங்கும். நடுவில் ஒரு கடல், ஒரு பூட்டிய வீடு, சிறகில்லாத ஒரு பறவை. என்னளவில் நான் எழுதியவற்றில் மிகச் சிறந்தது.

சின்யோராவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு அக்கா நாலு மணிக்கு வந்தாள். நான் வாசித்துக் காட்டினேன். அவள் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றபடி கேட்டாள்.

"உது ஆர் சொல்லுறது?"

நீங்கள் சொல்கிற மாதிரித்தான், என்றேன்.

"நான் எப்ப உன்னட்டை உப்பிடிச் சொன்னனான்?" அவள் குரல் உயரவில்லை. "பாவலர் என்னட்டைக் கேக்கேல்லை. அத்தானின்ர தமையன் கேக்கேல்லை. நீ மூண்டு நாளா இஞ்சை இருந்து சாப்பிடுறாய். நீ என்னட்டைக் கேட்டனியே?"

காலையில் மேடையில் குரலைத் தாழ்த்திச் சொன்ன அதே வரி. ஆறு மணித்தியாலம் ஆகவில்லை. பலேர்மோவில் எனக்கு நடந்த அவமானங்கள் பல உண்டு, பஸ்ஸில் தவறான பக்கம் போனது உட்பட. ஆனால் இதுதான் வலித்தது. அந்தத் தாளைக் கசக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு வெற்றுத்தாளை எடுத்து, என்ன எழுத வேண்டும் அக்கா என்று கேட்டேன்.

அவள் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள். உருளைக்கிழங்கை எடுத்துத் தோல் சீவத் தொடங்கினாள். நான்கைந்து கிழங்கு சீவி முடிந்த பிறகுதான் வாய் திறந்தாள். நான் ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதினேன். மொத்தம் ஏழெட்டு வரி. சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்தாளா என்று பார்த்தேன். இல்லை. கிழங்கைக் கழுவப் போய்விட்டாள்.

சனிக்கிழமை அதைப் பாவலரிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், மிச்சம் எங்கே என்றார். மிச்சம் இல்லை என்றேன். "சேர், இதிலை எதுகை இல்லை, மோனை இல்லை, எந்த இராகத்திலை படிக்கிறது? அழுகையும் காணேல்லை." அவர் முகத்தில் உண்மையான வருத்தம். தரம் தாழ்ந்த சரக்கில் தன் கடைப்பெயரைப் போடச் சொல்கிறார்களே என்று ஒரு தொழிலாளிக்கு வரும் வருத்தம். கடைசியில் தலையாட்டினார். ஒன்பதாம் பக்கத்தில் போடுகிறேன், நாளைக் காலை மண்டபத்துக்கே கட்டு வந்துவிடும் என்றார். நான் நிம்மதியாகப் போய், கடலை மாவைத் துண்டு துண்டாகப் பொரித்துப் பாண் ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்கும் ஒரு கடையில் இரண்டு சாப்பிட்டேன். பக்கத்தில் நின்றவர் மண்ணீரல் வைத்த பாண் சாப்பிட்டார். அதை முயற்சி செய்யும் துணிவு என்னிடம் இல்லை.

எனக்கு மொத்தத்தில் துணிவு குறைவு என்பது மறுநாள் தெரிந்தது.

ஞாயிறு அதிகாலைச் சடங்குகளைத் துறைமுகத்துக்கு அப்பால் ஒரு கல்லுக்கரையில் செய்தார்கள். ஊரில் கீரிமலைக் கடற்கரையில் செய்வது. இங்கே நேப்பிள்சுக்குப் போகும் கப்பல் ஊதிக்கொண்டு கடந்து போனது. அந்தக் கப்பல்களில்தான் அத்தான் இருபது வருடமாகச் சரக்கு ஏற்றினார். பத்து மணிக்குச் சனம் மண்டபத்தில் கூடியது. மண்டபம் ஒரு பாதிரியார் இரவல் கொடுத்தது. மாதா சிலைக்கு முன்னால் குத்துவிளக்கும் அத்தானின் படமும். மன்னாரிலிருந்து வந்த வேதக்காரத் தமிழர்களும் வந்து எங்கள் ஆட்களோடு சேர்ந்து விபூதிக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அது எவருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

தமையனார் லண்டனிலிருந்து சனி பின்னேரமே வந்துவிட்டார். நல்ல கோட்டு. என்னைச் சனத்துக்கு அறிமுகப்படுத்தி, இதற்காகவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என்றார். படித்தவர், குரல் உள்ளவர், இவரே கல்வெட்டைப் படிப்பார். என் கையில் ஒரு பிரதியைத் தந்தார். சனமெல்லாம் தங்கள் பிரதியை விரித்தது.

தேவாரம் படித்தேன். வாழ்க்கை வரலாறு படித்தேன். சகோதரர் புலம்பலில் தமையனார் கைக்குட்டையை எடுத்தார். எனக்கும் இராகம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினேன்.

*தேனூறும் சொல்லாலே தினமும் எனை மகிழ்வித்தீர்.*

தமையனாரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சனி பின்னேரம் அவர் விமானநிலையத்திலிருந்து நேரே எங்கே போயிருக்கிறார் என்பது விளங்கிவிட்டது. பின்வரிசையில் பாவலர் தன் பிரதிக்குள் முகத்தைப் புதைத்திருந்தார்.

எனக்கு இரண்டு வழி இருந்தது. அக்கா சொன்னதைத் தாளில் எழுதியவன் நான், ஒவ்வொரு சொல்லும் மனப்பாடம். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நூற்றைம்பது பேர் விரலை முதல் வரியில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்கள். சபையில் குழப்பம் வேண்டாம், செத்தவருக்கு மரியாதை, பிறகு சமாதானம் சொல்லலாம் என்று மனம் நூறு நியாயம் சொன்னது. உண்மை ஒன்றுதான். பயந்துவிட்டேன். இராகம் எடுத்துத் "தேனூறும்" என்று தொடங்கினேன். தலைகள் எல்லாம் அக்காவின் பக்கம் திரும்பின, அவள் சொன்னபடியே.

அக்கா எழுந்தாள். வெள்ளைச் சேலை. கையில் பிரதி இல்லை.

"தம்பி, நிப்பாட்டு" என்றாள். "அது நான் சொன்னதில்லை."

நான் நிறுத்தினேன். இராகம் இல்லை, அழுகை இல்லை, பஸ் நேரம் சொல்லுகிற மாதிரி அவள் அத்தானின் படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒன்பது வருசம் நீங்கள் என்னோட கதைக்கேல்லை. நானும் உங்களோட கதைக்கேல்லை.

நான் விடிய வேலைக்குப் போக முதல் சமைச்சு மூடி வைச்சன். நீங்கள் துறைமுகத்தாலை வந்து சாப்பிட்டியள். சாப்பிட்டிட்டுச் சோத்துக் கோப்பையைக் கழுவிக் கவிட்டு வைச்சியள்.

ஒரு நாளும் கழுவாமல் விடேல்லை. காய்ச்சல் எண்டாலும் விடேல்லை.

அண்டைக்கு ஆசுப்பத்திரியாலை நான் தனிய வீட்டை வந்தன். கோப்பை கழுவாமல் மேசையிலை கிடந்தது.

அதை நான் கழுவினன்."

உட்கார்ந்துவிட்டாள். மண்டபத்தில் தாள்கள் புரளும் சத்தம். சனம் எட்டாம் பக்கம், பத்தாம் பக்கம் என்று தேடியது, அவள் சொன்னது எங்கே அச்சடித்திருக்கிறது என்று. எங்கேயும் இல்லை. மன்னார்க்காரப் பெண் ஒருத்தி தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மாதா சிலையைப் பார்த்தான். தமையனாரின் கைக்குட்டை பாதிவழியில் நின்றுவிட்டது. நிரோ அழுதாள். ஒன்பது வருடம் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஓடித் திரிந்தவள், தபால் வேலை முடிந்த பிறகுதான் அழ நேரம் கண்டாள். எனக்கும் கண் கலங்கியது, இந்தத் தடவை என் பேச்சின் அழகில் அல்ல.

நான் அடுத்த பக்கத்தைத் திருப்பி மக்கள் புலம்பலைப் படித்தேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சாப்பாடு போட்டார்கள்: மரக்கறிக்குழம்பு, பருப்பு, கத்தரிக்காய் வதக்கல், வடை, பாயசம். சாப்பிட்டு முடித்த ஆண்கள் பலர், அது காகிதக் கோப்பை என்பதையும் மறந்து, குழாயடிக்குக் கொண்டுபோனதை நான் என் கண்ணால் கண்டேன்.

திங்கள் மத்தியானம் எனக்குப் பயணம். காலையில் பாவலரோடு சண்டை போடுவதற்கென்றே சந்தைக்குப் போனேன். தமையனார் வந்து நெருக்கினால் நான் என்ன செய்வது, காரியகாரர் அவர்தானே என்று அவர் முதலே சரணடைந்துவிட்டார். மீன் ரோல்ஸ் ஒன்று தந்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, கணினியைத் திருப்பிக் காட்டினார். நான் சனிக்கிழமை கொடுத்த தாள் அப்படியே அடித்து வைத்திருந்தது. கோப்பின் பெயர்: மனைவி நான்கு.

நேற்றுப் பின்னேரத்திலிருந்து மூன்று பெண்கள் வந்து கேட்டுவிட்டார்களாம். ஒருவர் கணவரின் ஆண்டுத் திவசத்துக்கு. ஒருவர் ஊரில் இருக்கும் தமக்கைக்கு அனுப்ப. மூன்றாமவரின் கணவர் இன்னும் சாகவே இல்லை, இப்பவே சொல்லி வைக்கிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "சனத்துக்குப் பிடிச்சிருக்கு, சேர். எதுகை கொஞ்சம் போட்டால் நிண்டு பிடிக்கும்" என்றார் பாவலர்.

நான் சண்டையை மறந்துவிட்டேன். நானூறு வருடத்துப் பாட்டுத்தாள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துப் பார்த்து, ஒரு பாட்டு எப்படிப் பிறந்து எப்படி ஊர்ச்சொத்தாகிறது என்று ஊகித்தே காலம் போனவன் நான். ஒரே இராத்திரியில் அது என் கண்முன் நடந்திருக்கிறது. அடுத்த கருத்தரங்குக்குக் கட்டுரை தயார். நான்கு மாடியையும் ஓடி ஏறினேன்.

அக்கா மாடத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க முழுவதையும் சொன்னேன், மூன்று பெண்களையும், மனைவி நான்கையும், அந்த உயிரோடு இருக்கிற கணவரையும். கோபப்படுவாள் அல்லது கொஞ்சம் பெருமைப்படுவாள் என்று பார்த்தேன். அவள் ஒரு தலையணை உறையை உதறிக் கொடியில் போட்டு, கவ்வியைக் குத்தினாள்.

"உந்த மூண்டு பேரின்ர புருசன்மாரும் கோப்பை கழுவினவையோ எண்டு முதல் பாவலரை அவையிட்டைக் கேக்கச் சொல்லு" என்றாள்.